விலை குறைந்த துப்பாக்கி: எதில் மிச்சம் பிடிக்கிறார்கள்?

கேள்வி: மதுரைக்குப் போய் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி எடுக்கிறேன். வீட்டிலும் பழக, சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. கடையில் காட்டிய இரண்டில் ஒன்று மற்றதைவிடப் பாதி விலை. அமெரிக்காவில் நிஜ ரைபிளே சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது என்கிறார்கள். அது எப்படிக் கட்டுப்படியாகிறது? விலை குறைந்ததை நம்பி வாங்கலாமா? (உச்சிப்புளி வாசகர்)

பதில்: கட்டுப்படியாகிறது தம்பி, லாபத்தோடு கட்டுப்படியாகிறது. துப்பாக்கி விலையில் இரும்பின் பங்கு சொற்பம். ஆள்கூலியும் மெஷின் ஓடும் நேரமும்தான் காசைத் தின்னும். அந்தக் காலத்தில் முழு எஃகுக் கட்டியைக் கடைந்து உருவத்துக்குக் கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகு கைதேர்ந்த ஆள் ஒருவர் அரத்தை வைத்து ராவி ராவி ஒவ்வொரு பாகத்தையும் பொருத்துவார். அந்த அரத்துக்கு வேலையே இல்லாமல் எப்படிச் செய்யலாம் என்று யோசித்த கம்பெனிகள்தான் மலிவு விலையில் ஜெயித்தன.

ரூகர் கம்பெனியைப் பாருங்கள். 1949இல் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 50,000 டாலர் முதல் போட்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கியது. முதல் சரக்கு ஒரு .22 (குழல் விட்டம், அங்குலக் கணக்கில்) பிஸ்டல், விலை 37 டாலர் 50 சென்ட். கைப்பிடிச் சட்டத்தைக் கடைந்து எடுக்காமல், தகட்டை அச்சில் அழுத்தி இரண்டு பாதியாகச் செய்து ஒட்டவைத்து வெல்டிங் வைத்தார்கள். அப்புறம் மெழுகு வார்ப்புக்குப் போனார்கள். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிறார்களே, அடிப்படையில் அதே முறைதான்: மெழுகில் உரு, மேலே பூச்சு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவது. வார்த்து எடுத்த பாகம் கிட்டத்தட்ட முழு வடிவத்தோடு வந்துவிடும். மெஷினுக்குக் கொஞ்ச வேலைதான் மிச்சம்.

இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான சாவேஜின் கதை இன்னொரு தினுசு. 1958இல் வந்த அவர்களுடைய 110 என்ற ரைபிளில் பேரலை, அதாவது குண்டு பாயும் குழலை, ஒரு பெரிய நட்டு போட்டுப் பிடித்திருப்பார்கள். தோட்டா உட்காரும் இடைவெளியைத் துல்லியமாக வைப்பதுதான் ரைபிள் பொருத்துவதில் கஷ்டமான கட்டம். நட்டு இருப்பதால் அளவுக் கட்டையை உள்ளே வைத்து, பேரலைத் திருகி, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. அழகு பார்ப்பவர்களுக்கு அந்த நட்டு பிடிக்காது. ஆனால் 1988இல் அந்தக் கம்பெனி திவால் மனு போட்ட பிறகு, மற்ற மாடல்களை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு இந்த ஒன்றை வைத்துத்தான் மறுபடி தலைதூக்கியது. பத்து மாடல் போட்டு எல்லாவற்றையும் சுமாராகச் செய்வதைவிட ஒன்றை உருப்படியாகச் செய்து குறைத்து விற்பது மேல் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. என் கட்சியும் அதுதான்.

இன்னும் கீழே இறங்கினால் ஒஹையோவின் ஹை-பாயின்ட் பிஸ்டல். மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகத்தை எஃகில் செய்யாமல் துத்தநாகக் கலவையில் வார்க்கிறார்கள். அந்தக் கலவைக்கு எஃகின் பலம் கிடையாது, அதனால் தடிமனாக வைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தடிமனே எடையாகி, சுடும்போது வரும் உதையைத் தாங்கிக்கொள்கிறது. சுடும் நொடியில் பேரலையும் அந்தப் பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்டு அமைப்பு என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை, அந்தச் செலவும் மிச்சம். பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும். கேலி செய்யாதவர் குறைவு. ஆனால் எத்தனை கை மாறினாலும் ஆயுள் முழுக்க ரிப்பேர் இலவசம் என்று கம்பெனி நிற்கிறது. வாங்குகிறவர் கவலையே 'மலிவுச் சரக்கு, நாளைக்கு யார் பொறுப்பு?' என்பதுதானே? அங்கேயே கையைப் பிடித்துவிடுகிறார்கள்.

விற்பனையிலும் சூட்சுமம் உண்டு. ஒரே உடம்பை வைத்துக்கொண்டு பேரலையும் மேகசினையும் (தோட்டா அடுக்கும் கூடு) மாற்றிப் பல தோட்டா அளவுகளில் விற்பார்கள். மரக்கட்டைக்குப் பதில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். பாலிஷ் கிடையாது, மங்கல் கறுப்பு. சுமாரான ஸ்கோப் ஒன்றை மாட்டி 'பிரித்தவுடன் சுடலாம்' என்று ஒரே விலையில் கொடுப்பார்கள். இத்தனையிலும் பேரலில் மட்டும் ரொம்பக் கைவைப்பதில்லை. உள்ளே முறுக்கு வரியை ஒவ்வொன்றாக வெட்டும் பழைய முறைக்கு நேரம் பிடிக்கும். இப்போது கெட்டியான ஒரு குமிழை உள்ளே இழுத்தால் எல்லா வரியும் ஒரே இழுப்பில் விழுந்துவிடும். அதனால்தான் நல்ல கம்பெனியின் மலிவு ரைபிள் குறி தப்புவதில்லை. கைக்குக் கரடுமுரடாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் ஏர் ரைபிளுக்கு வருவோம். இதே கண்ணோடு பாருங்கள். கட்டை பிளாஸ்டிக்கா, பூச்சு மங்கலா என்பதெல்லாம் கிடக்கட்டும். பேரல் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாய் வட்டத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் பெல்லட் (ஏர் கன்னில் போடும் சின்னக் குண்டு) ஒரு பக்கமாக உதைபட்டு விலகும். நடுவில் மடித்துக் காற்றேற்றும் வகை என்றால், மூடிய பிறகு பேரலை இடவலமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆடினாலும் வேண்டாம். டிரிகர் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விடுபட வேண்டும். சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரே குறிக்கு ஐந்து பெல்லட், இரண்டு மூன்று ரகத்தில். ஒரு ரகம் ஐந்தும் நெருங்கி விழுந்து இன்னொன்று சிதறினால் அது துப்பாக்கியின் குறை இல்லை, பெல்லட் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். எல்லாமே சிதறினால் நடையைக் கட்டுங்கள்.

உள்ளூர்த் தயாரிப்பு என்று ஒதுக்கவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் பிரெசிஹோல், நீளத் துளை போடும் மெஷின்களைச் செய்யும் குழுமத்திலிருந்து வந்தது. நேரான துளைதான் பேரலுக்கு உயிர், அது அவர்களுக்குக் கைவந்த வேலை. பந்தயத்துக்கான ஜெர்மன் ரைபிள் லட்சக் கணக்கில் வரும். பழகுகிற காலத்தில் அது தேவையில்லை. அந்தக் காசில் கொஞ்சத்தைப் பெல்லட்டுக்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒன்று, வாங்கும் முன் கேட்க வேண்டியது. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு (.177 அங்குலம்) மேல் போகாத, பெல்லட் வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். 5.5 மில்லிமீட்டர் (.22) என்றால் வேண்டும். 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்று கடைக்காரர் சொன்னால் பில்லில் குழல் அளவையும் எத்தனை ஜூல் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் அவ்வளவு குறைவு என்றால் நம் ஊரில் ஒரு ரிவால்வர் ஏன் லட்சத்தைத் தொடுகிறது? நான் முன்னாள் ராணுவத்தினன், லைசென்ஸ் கிடைத்தால் வாங்கும் எண்ணம் உண்டு. (பரமக்குடி வாசகர்)

பதில்: ஐயா, போட்டி இல்லாத சந்தை. தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களிலிருந்தே அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் பழைய வெப்லி (பிரிட்டிஷ் ரிவால்வர்) ஒன்று கைமாறினாலும் யானை விலை. அரசுத் தொழிற்சாலைகள்தான் நெடுங்காலம் ஏகபோகம். 2014இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று கொண்டுவந்த 'நிர்பீக்' .32 ரிவால்வருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் சொச்சம் விலை வைத்தார்கள். அரைக் கிலோ எடை, டைட்டானியம் கலவை. பிறகு இஷாப்பூரிலிருந்து வந்த .22 'நிடர்' கால் கிலோதான். விலையும் நிர்பீக்கின் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். அளவைக் குறைத்து, தோட்டாவைச் சின்னதாக்கி விலையை இறக்கினார்கள். மேலே சொன்ன வித்தைதான், கொஞ்சம் தாமதமாக. இதற்கு மேல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 40 சதவீதமாகிவிட்டது.

லைசென்ஸ் கையில் வராமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கலெக்டர் அலுவலகம், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று என்று வரிசை நீளம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் வரும்போது ஒரு ஏர் கன் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாமா? (கீழக்கரை வாசகர்)

பதில்: வேண்டாம். சுங்கத்தில் மாட்டினால் துப்பாக்கியும் போகும், மச்சானின் லீவும் போகும். இங்கேயே பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: முண்டு மிளகாய் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றியும் மயிலும் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. குறைந்த விலை ஏர் கன் உதவுமா? (சாயல்குடி வாசகர்)

பதில்: உதவாது. மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, காயப்படுத்தினாலே வழக்கு. பன்றிக்கு 4.5 மில்லிமீட்டர் பெல்லட் கொசுக்கடி. அடிபட்ட பன்றி திரும்பினால் ஆபத்து உங்களுக்கு. காட்டை விட்டுத் தள்ளியுள்ள பகுதிகளில் பன்றியைச் சுட 2025இல் தமிழக அரசு வழி செய்தது, ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள்தான். வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சேதத்தைப் படம் எடுத்து வைத்து இழப்பீடும் கேளுங்கள். வெடிச்சத்தத்துக்கு நூறு இருநூறு ரூபாயில் விற்கிற பிவிசி குழாய்க் கார்பைடு துப்பாக்கியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் அதை வைத்து விளையாடிய பிள்ளைகள் பலருக்குக் கண் போனது.

கேள்வி: ஏர் ரைபிள் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, பேரலில் துரு. கடைக்காரர் 'கடலோரம்னா அப்படித்தான்' என்கிறார். மாற்றிக் கேட்கலாமா? (பாம்பன் வாசகர்)

பதில்: துரு எங்கே பிடித்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். நீங்கள் பிடிக்கிற இடத்தில், விரல் ரேகையே அச்சாக ஆரஞ்சு நிறத்தில் எழுந்து நின்றால் அது உங்கள் வியர்வை. கைபடாத ஸ்கோப் அடியிலும் திருகைச் சுற்றிலும் பொரிந்திருந்தால் பூச்சு சரியில்லை என்று தைரியமாகக் கேட்கலாம். பில், உத்தரவாத அட்டை, தேதியோடு எடுத்த படம் மூன்றையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

இனிமேல், சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறம் முழுக்க ஒரு துடைப்பு. ரெக்சின் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிறுத்தி வையுங்கள். காற்றறைக்குள் மட்டும் தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ ஊற்றிவிடாதீர்கள். அழுத்தத்தில் அது பற்றிக்கொண்டால், காற்றுக் கசியாமல் காக்கும் சீல் கிழியும், ஸ்பிரிங் முறியும். அதற்கு உத்தரவாதமும் கிடையாது.