தூரத்துக் கோளைப் படம் பிடிக்க மகள் ஆசைப்பட்டால்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

ஐந்தாம் படிவம் படிக்கும் மகள், பக்கத்து நட்சத்திரங்களைச் சுற்றிவரும், உயிர் வாழத் தோதான கோள்களை நேரடியாகப் படம் பிடிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். "இதுக்கு மலேசியாவில் யார் சம்பளம் கொடுப்பா? ஃபார்மசிக்குப் போன்னா முகத்தைத் தூக்கி வச்சிக்கிறா" என்றும் கேட்கிறீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது என்ன வேலை என்று விளங்கிக்கொண்டால் பாதி பயம் குறைந்துவிடும்.

நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இதுவரை உறுதிசெய்யப்பட்ட கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவற்றை யாரும் படமாகப் பார்த்ததில்லை. நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி மங்குவதையோ, அது லேசாக ஆடுவதையோ வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். படம் எடுப்பது வேறு கதை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நம் பூமி சூரியனைவிட ஏறக்குறைய 1,000 கோடி மடங்கு மங்கல். 33 ஒளியாண்டு தள்ளி நின்றால், இரண்டுக்கும் இடையே தெரியும் விலகல் ஒரு பாகையில் 36,000-இல் ஒரு பங்குதான்.

எதிர்வெயிலில் வருபவரின் முகம் பார்க்க நெற்றிக்கு மேல் கை வைத்து மறைப்போமே, அந்த வேலையைத் தொலைநோக்கிக்குள் கொரோனாகிராஃப் என்ற கருவி செய்கிறது. தரையிலிருந்து பார்த்தால் காற்றின் அலைச்சல் படத்தைக் கலைத்துவிடும். அதைச் சரிக்கட்ட, வினாடிக்குப் பல நூறு தடவைக்கு மேல் வடிவம் மாறும் கண்ணாடி வைக்கிறார்கள்.

அதன் பிறகும் நட்சத்திர ஒளி புள்ளி புள்ளியாக மிஞ்சும். அந்தப் புள்ளிகளில் கோள் எது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. இரவு நகர நகர, கேமராவுக்குள் வானம் மெல்லச் சுழலும்படி விட்டு, வரிசையாகப் படம் எடுப்பார்கள். கருவியால் வந்த புள்ளிகள் இடம் மாறாது. நிஜக் கோள் மட்டும் சுழலும் வானத்தோடு சேர்ந்து, படத்தில் நட்சத்திரத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே போகும். மாறாததைக் கணினியில் கழித்து, மீதியைத் திருப்பி நேராக அடுக்கினால் கோள் தெரியும். எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தின் மூன்று கோள்கள் 2008-இல் இப்படித்தான் தெரிந்தன; நான்காவது 2010-இல். எல்லாம் வியாழனைவிட மிகக் கனமான, சூடு ஆறாத இளம் கோள்கள்.

பூமி மாதிரி ஒன்றை இன்னும் யாரும் படம் பிடிக்கவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024-இல் ஆல்பா செண்டாரி ஏ என்ற நட்சத்திரத்தின் அருகே ஒரு கோளின் சாயலைப் பார்த்தது. அடுத்த பார்வைகளில் அது அகப்படவில்லை, இன்னும் உறுதியாகவும் இல்லை. ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குத் தெலுக் கும்பார் கடற்கரையில் தெற்கே பாருங்கள், தாழ்வாகப் பளிச்சென்று நிற்கும் அந்த நட்சத்திரம் 4.4 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. சிலியில் 39 மீட்டர் தொலைநோக்கி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பூமி போன்ற கோள்களைப் பார்க்கவே நாசா திட்டமிடும் விண்வெளித் தொலைநோக்கி 2040-களுக்கானது. அப்போது உங்கள் மகள் முப்பதுகளில் இருப்பாள். சரியான நேரத்தில்தான் ஆசைப்பட்டிருக்கிறாள்.

இனி சம்பளத்துக்கு வருவோம். மலேசியாவில் வானியலுக்கென்று நிரந்தர வேலை மிகக் குறைவு. இதை அவளிடம் மறைக்காதீர்கள். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் நாடு நாடாக ஒப்பந்த வேலையில் சில ஆண்டுகள் போகலாம். ஆனால் அவள் கற்கப்போவது ஒளியியல், கேமரா உணரி, இரைச்சலிலிருந்து நிஜத்தைப் பிரிக்கும் கணக்கு. பாலம் தாண்டிப் பாயான் லெப்பாஸில் சிப்பின் மேல் விழுந்த கீறலைக் கேமராவால் கண்டுபிடிக்கும் எஞ்சினியர்களுக்கும் இதே திறமைதான் வேண்டும். கோள் பக்கம் வழி அடைபட்டாலும் அவள் வெறுங்கையோடு நிற்கமாட்டாள். இதை நம்பித்தான் நான் அவளைத் தடுக்க வேண்டாம் என்கிறேன்.

பெயரில் 'விண்வெளி' என்று இருக்கிற கோர்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் பட்டம் இயற்பியலாகவோ எலக்ட்ரானிக்ஸாகவோ இருக்கட்டும். பாடத்திட்டத்தில் ஒளியியலும் ஆய்வகமும் நிரலெழுதலும் இருக்கிறதா என்று பாருங்கள். கெளுகோரில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இயற்பியல் நடத்துகிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஐந்தாம் படிவத்துக்குப் பிறகான மெட்ரிகுலேஷன் படிப்பு ஓராண்டில் முடியும், ஆனால் அது முக்கியமாக உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கானது. முதல் பட்டத்துக்கே வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் ஆறாம் படிவம் படித்து எஸ்டிபிஎம் தேர்வு எடுப்பது நல்லது. மேற்படிப்புச் செலவை நினைத்து இப்போதே கலங்காதீர்கள்: நெதர்லாந்தில் முனைவர் மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர், அமெரிக்காவில் இந்தத் துறையில் பொதுவாக உதவித்தொகை கொடுத்தே எடுக்கிறார்கள்.

ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடியும்வரை கூடுதல் கணிதத்தை அவள் விடக்கூடாது. தேர்வு முடிந்த விடுமுறையில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தொலைநோக்கித் தரவை இறக்கி, மேலே சொன்ன கழித்தலை அவளே செய்து பார்க்கட்டும். அது பிடித்துப்போய் நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்தால் எஸ்டிபிஎம் பாடங்களைப் பேச அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சலித்துப்போனாலும் வாருங்கள், ஃபார்மசியையும் சேர்த்து வைத்து மறுபடி பேசலாம்.