மகன் கேக்குற ராப் பாட்டும் உங்க பயமும்

கேள்வி: அக்கா, நாங்க காரைக்கால்காரங்க, பாரீஸ் பக்கத்துல 20 வருஷமா இருக்கோம். 17 வயசு மகன் எப்பவும் மெதீன்னு ஒரு ராப்பர் பாட்டுதான் கேக்குறான். போன்ல ஆல்பம் பேரு 'ஜிஹாத்'னு பாத்ததும் எனக்கு உசுரே போயிடுச்சு. அவன் வாப்பா வேற பாட்டே ஹராம்னு சத்தம் போடுறார். போனைப் பிடுங்கிடவா?

பதில்: பிடுங்காதீங்கம்மா. மொதல்ல அந்தப் பேரை முழுசா படிங்க. 2005ல வந்த ஆல்பம், 'ஜிஹாத், மிகப்பெரிய போராட்டம் தன்னோடதான்'னு அர்த்தம், நம்ம ஆலிம்சா பயான்ல நஃப்ஸோட, அதாவது நம்ம மனசோட, போராடுறதுதான் பெருசுன்னு சொல்வாரே, அதேதான். மெதீன் லு ஆவ்ர் துறைமுக ஊர்ல வளந்த அல்ஜீரியக் குடும்பத்துப் பையன். அதே 2005 அக்டோபர்ல பாரீஸ் புறநகர் கிளிஷி சூ புவாவுல போலீஸுக்குப் பயந்து ஓடி கரண்ட் சப்ஸ்டேஷனுக்குள்ள ஒளிஞ்ச ரெண்டு பசங்க ஷாக் அடிச்சு செத்தாங்க, ஒருத்தனுக்கு 15, இன்னொருத்தனுக்கு உங்க மகன் வயசு, அப்புறம் மூணு வாரம் நாடு பூரா எரிஞ்சது. அந்தக் கோவத்தோடயே வளந்த பசங்களுக்கு ராப்தான் வாய்.

ஆனா உங்க பயத்த நான் சும்மா தள்ளிவிடல. 2015ல தீவிரவாதிங்க 90 பேரைக் கொன்ன பாரீஸ் பத்தக்லான் அரங்கத்துல 2018ல மெதீன் கச்சேரின்னதும், இந்த ஆல்பம் பேரையும் பழைய வரிகளையும் காட்டி வலதுசாரிங்க பெரிய எதிர்ப்பு கெளப்பினாங்க, இறந்தவங்க குடும்பத்துல சிலருக்கும் மனசு கேக்கல, கடைசில அவரே அந்தக் குடும்பங்களுக்கு மரியாதை குடுத்து வேற அரங்கத்துக்கு மாத்திக்கிட்டார். எனக்கு அது பிடிச்சது. 2023ல யூத வம்சாவளி எழுத்தாளர் ஒருத்தர் பேரை வச்சு ட்விட்டர்ல ஒரு கேவலமான சிலேடை போட்டார், அப்புறம் மன்னிப்பு கேட்டார், அது தப்புதான், அதையும் மகன்கிட்ட கேளுங்க, உனக்கு என்ன தோணுதுன்னு.

வாப்பாகிட்ட ஒண்ணு கேளுங்க, வீட்டுல நாகூர் ஹனிபா கேசட் ஓடலயா? 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடின அதே குரல்தானே திமுக மேடையிலயும் முழங்குச்சு. இசை கூடுமா கூடாதான்னு உலமாக்களே ஒரே கருத்துல இல்ல, அவர் கேக்க வேணாம்னா கேக்க வேணாம், பையன்கூட பேசாம மட்டும் இருக்க வேணாம்.

மெதீனோட '17 அக்டோபர்' பாட்டைப் போடச் சொல்லுங்க. 1961ல பாரீஸ்ல ஊர்வலம் போன அல்ஜீரியக்காரங்கள போலீஸ் கொன்னு செய்ன் ஆத்துல போட்டது பத்தினது. வரி வரியா தமிழ்ல சொல்லுடான்னு கேளுங்க. தமிழ் தடுமாறும், நீங்க எடுத்துக் குடுங்க.