கவசம் கழற்றும் நேரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொற்றுநோய் பரவும் காலத்துக்கு மருத்துவமனை ஊழியர்களைத் தயார்செய்வது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. நான் தொற்றுத் தடுப்புப் பிரிவில் செவிலியராக இருந்து, இப்போது பயிற்சி கொடுப்பவள். எனக்குத் தெரிந்தவரை ஐந்துக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தொற்றுநோய்ப் பயிற்சி என்று ஒரு மதியம் முழுக்க ஸ்லைடு காட்டினார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நாளைக்கே சந்தேகத்துக்குரிய ஒரு நோயாளி வந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இது என் குறையா? – ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்

உங்கள் குறை இல்லை சகோதரி, அது பயிற்சியே இல்லை. கிருமி எப்படிப் பரவும் என்று ஸ்லைடில் சொல்லலாம், ஆனால் வியர்வையில் கண்ணாடி மங்கி, ஷிப்ட் முடிந்து எப்போதடா இதைக் கழற்றுவோம் என்று இருக்கும் நேரத்தில் உங்கள் கை எங்கே போகும் என்பதை ஸ்லைடால் மாற்ற முடியாது. கை நேராக முகத்துக்குத்தான் போகும். எல்லாருக்கும் அப்படித்தான்.

என் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். பிபிஇ, அதாவது கவுன், கையுறை, மாஸ்க் சேர்ந்த கவச உடையை முழுதாகப் போட்ட பிறகு, கவுனின் முன்பக்கத்திலும் கையுறையிலும் புற ஊதா விளக்கில் மட்டும் மின்னும் பொடியைத் தடவிவிடுவேன். சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அப்புறம் வழக்கம்போலக் கழற்றச் சொல்வேன். விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கைக் காட்டினால் மணிக்கட்டில் ஒரு கோடு, தாடைக்குக் கீழே ஒரு திட்டு, மாஸ்க் நாடாவை இழுத்த காதுக்குப் பின்னால் விரல் தடம். பதினெட்டு வருடம் சர்வீஸ் ஆன ஒரு அக்கா தன் கழுத்தில் மின்னியதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய் மறுபடி கவுனை எடுத்து மாட்டினார். அன்றைக்கு ஆறு தடவை செய்தார், கடைசி இரண்டு தடவை உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

இது எங்கள் வகுப்புக் கதை மட்டும் இல்லை. 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கையுறையையும் கவுனையும் கழற்றும் ஒத்திகையை ஊழியர்களை வைத்து 435 முறை செய்து பார்த்தார்கள். 200 முறை தோலிலோ உடையிலோ கறை ஒட்டியிருந்தது, கிட்டத்தட்ட பாதி. அவர்கள் எல்லாரும் தினமும் கையுறை போடுகிறவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். செய்துபார்க்கும் பயிற்சி கொடுத்த பிறகு அந்த அளவு நன்றாகவே குறைந்தது.

கழற்றும் வரிசை நோய்க்கும் கவச உடைக்கும் தகுந்தாற்போல மாறும், அதனால் உங்கள் மருத்துவமனையின் வரிசை எதுவோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஒன்றுதான்: வெளிப்பக்கம் அழுக்கு, உள்பக்கம் சுத்தம், மூச்சைக் காக்கும் மாஸ்க் கடைசியில்தான் வர வேண்டும். கையுறையைக் கழற்றும்போது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வெளிப்பக்கத்தைக் கிள்ளிப் பிடித்து உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து, அதை மற்றக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, வெறும் விரலை அடுத்த கையுறையின் விளிம்புக்குள் விட்டு அதையும் அப்படியே உரிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவே கையைச் சுத்தம் செய்யுங்கள். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும், எண்ணிப் பாருங்கள், நாம் வழக்கமாகத் தேய்ப்பது எவ்வளவு கொஞ்சம் என்று தெரியும்.

இன்னொன்று, தனியாகக் கழற்றாதீர்கள். எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்ல வேண்டும், நீங்கள் செய்ய வேண்டும், "நிறுத்து" என்றால் அந்த நொடியே நிற்க வேண்டும். சொல்பவர் உங்களைவிட ஜூனியராக இருந்தாலும்தான். மேலதிகாரியிடம் "நிறுத்துங்கள் மேடம்" என்று சொல்லிப் பழகுவதும் பயிற்சியில் சேர்ந்ததே, சொல்லப்போனால் நிறையப் பேருக்கு அதுதான் கஷ்டமான பாடம்.

கேள்வி: என் அம்மா ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறார். டாக்டர், நர்ஸுக்கெல்லாம் பயிற்சி நடக்கிறது, இவரை மட்டும் கூப்பிடவே இல்லை. கேட்கலாமா? – ஒரு மகள்

தாராளமாகக் கேளுங்கள் அம்மா, கேட்டே ஆக வேண்டும். நோயாளி வாந்தி எடுத்த இடத்துக்கு டாக்டர் போவதற்கு முன்னால் உங்கள் அம்மாதான் வாளியோடு போகிறார். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, சுகாதார ஊழியர்களுக்கு நோய் தொற்றும் வாய்ப்பு மற்றப் பெரியவர்களைவிட 21 முதல் 32 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் துப்புரவுப் பணியாளர்களும் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுபவர், லேபுக்கு மாதிரி எடுத்துப் போகிறவர், பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் என்று ஒருவரையும் விடக்கூடாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் துப்புரவுப் பணியாளர்களுக்கு என்று ஒரு நோட்டீஸை மட்டும் ஒட்டினார்கள், அதைப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பாதிப் பேர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அம்மாவுக்கு உடனே உதவக்கூடிய சில விஷயங்கள் சொல்கிறேன். ரத்தம், வாந்தி கிடந்தால் முதலில் உறிஞ்சும் துணியால் எடுத்துவிட்டு, அப்புறம்தான் குளோரின், அதாவது பிளீச் கரைசல். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரினின் வீரியம் அதிலேயே போய்விடும். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அது 0.5 சதவீதம் ஆகும், தரைக்கும் கட்டிலுக்கும் அதுதான் அளவு. ஊற்றிவிட்டு உடனே துடைக்கக்கூடாது, பத்து நிமிடம் ஊறட்டும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். பயிற்சியில் இதை வாயால் சொன்னால் போதாது, அவர் கையில் குவளையைக் கொடுத்துக் கலக்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: தாடி வைத்திருக்கிறேன். என்95 மாஸ்க் போட்டால் போதாதா? – லேப் டெக்னீஷியன்

போதாது தம்பி. மாஸ்க்கின் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும், நடுவில் முடி இருந்தால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போய்விடும். எந்த மாடல், எந்த அளவு உங்கள் முகத்துக்குப் பொருந்தும் என்று ஃபிட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறை போடும்போதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பார்த்து ஓரத்தில் கசிகிறதா என்று கவனியுங்கள். மதக் காரணத்தால் எடுக்க முடியாதவர்களுக்குத் தலையை முழுதாக மூடும், மோட்டார் வைத்த சுவாசக் கருவி இருக்கிறது, நிர்வாகத்திடம் கேட்கலாம்.

கேள்வி: சின்ன கிளினிக் நடத்துகிறேன். காய்ச்சலோடு வரும் நூறு பேரில் அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பயிற்சியில் இதைச் சொல்லித்தர முடியுமா? – மருத்துவர்

முடியும் டாக்டர், ஆனால் அது வாசலில் தொடங்க வேண்டும். உங்கள் அறைக்குள் வந்த பிறகு என்றால், அதற்குள் அவர் காத்திருப்பு அறையில் ஒரு மணி நேரம் இருமியிருப்பார். தென்கொரியாவில் 2015-இல் மெர்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியது அப்படித்தான். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர், நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே பல மருத்துவமனைகளுக்குப் போய்வந்தார், கடைசியில் 186 பேருக்கு நோய், 38 பேர் இறந்தார்கள்.

நியூயார்க் நகரில் ஒரு காரியம் செய்தார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது. நோயாளி மாதிரி நடிப்பவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் அவசரப் பிரிவுக்கு அனுப்பினார்கள், 49 மருத்துவமனைகளில் 95 தடவை. வெளிநாடு போனீர்களா என்று கேட்கப்பட்டவர்களில் 88 சதவீதம் பேருக்கு மாஸ்க் கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள், கேட்கப்படாதவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் அது நடந்தது. ஒரே ஒரு கேள்வி! ஆகவே காய்ச்சலா, எங்கே போய்வந்தீர்கள், வீட்டிலோ வேலையிடத்திலோ இதே மாதிரி யாருக்காவது இருக்கிறதா என்று மூன்றையும் கவுண்டரில் இருப்பவரே கேட்டுப் பழகட்டும். ஆம் என்றால் மாஸ்க், தனி இடம், பொது சுகாதாரத் துறைக்கு போன். அந்த நம்பர் சுவரில் இருக்க வேண்டும், போன மாதம் யாராவது அதற்கு அழைத்துப் பார்த்திருக்கவும் வேண்டும்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 2014-இல் டாக்டர் அமேயோ அடாடெவோ ஒரு நோயாளிக்கு எபோலா இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, எத்தனை நெருக்கடி வந்தும் அவரை வெளியே விடவில்லை. அந்த நோய் டாக்டரின் உயிரையும் எடுத்தது. ஆனால் நைஜீரியாவில் மொத்தம் 20 பேரோடு பரவல் நின்றது. அத்தனை பெரிய நாட்டில் வெறும் 20 பேர். அதற்குப் பின்னால் நோயாளிகளோடு தொடர்பில் இருந்த கிட்டத்தட்ட 900 பேரை 21 நாள் விடாமல் கண்காணித்த ஊழியர்கள் இருந்தார்கள், போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே பயிற்சி பெற்றிருந்தவர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

கேள்வி: மகன் நர்சிங் கடைசி வருடம். நோய் பரவினால் தொற்று வார்டில் போடுவார்களாம், எனக்குத் தூக்கமே இல்லை. தடுக்கலாமா? – ஒரு தாய்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. 2003-இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தபோது உலகம் முழுக்க நோய் கண்டவர்களில் ஐந்தில் ஒருவர் சுகாதார ஊழியர். அந்த நோயை ஹனோயில் முதலில் அடையாளம் கண்டு எச்சரித்த டாக்டர் கார்லோ உர்பானியும் அதிலேயே இறந்தார். இதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தடுப்பதற்குப் பதிலாக மகனைக் கொஞ்சம் கேள்வி கேளுங்கள். போட வேண்டிய தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்றா, கவசத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியுமா, தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் உள்ளே நிற்கவைப்பார்கள், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்ல முடிகிற இடமா என்று. பதில் சரியில்லை என்றால் அவன் பயிற்சி முடியவில்லை என்று அர்த்தம், அதைக் கல்லூரியில் கேட்க அவனுக்கு முழு உரிமை இருக்கிறது. அப்புறம் ஒருநாள் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லி அதன் மேல் கொஞ்சம் வாட்டர் கலர் பூசிவிட்டு, கழற்றிக் காட்டு என்று சொல்லுங்கள். விரலிலும் மணிக்கட்டிலும் கலர் ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒட்டியிருந்தால் இன்னொரு ஜோடி எடுத்துக் கொடுங்கள், மறுபடி செய்யட்டும்.