புது ஆக்சிஜன் சென்சார் போட்டும் பி0135 திரும்ப வருவது ஏன்?

பழைய பெட்ரோல் வேனில் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரை (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) இரண்டு முறை மாற்றியும் பி0135 என்ற பழுதுக் குறியீடு, அதாவது கோடு, விடாமல் வருகிறது என்கிறீர்கள். மூன்றாவதை வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

இந்தக் கோடு குறிப்பது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றை. சுமார் 300 டிகிரி செல்சியசைத் தாண்டினால்தான் சென்சார் ஒழுங்காக வேலை செய்யும். எஞ்சின் கிளம்பியதும் அதைச் சீக்கிரம் சூடாக்கவே ஹீட்டர்.

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு எஞ்சின் ஆறியிருக்கும்போது கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறமுள்ள இரண்டு ஒயர்களுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். பெரும்பாலும் சில ஓம் முதல் 15 ஓம் வரை காட்டும். காட்டினால் சென்சார் நிரபராதி.

அடுத்தது வண்டிப் பக்கம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மல்டிமீட்டரில் 12 வோல்ட் தெரிந்தால் சப்ளை சரி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். ஹீட்டர் கேட்கும் கரண்டை அந்த இழை தாங்காது. ஆகவே சப்ளை ஒயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். மங்கலாக எரிந்தால் குற்றவாளி ஒயரிங்தான். (சில வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் சப்ளை வரும்.) பல்பு பளிச்சென்று எரிந்தால், ஈசியுவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போகும் மற்றொரு ஒயரையும் சோதியுங்கள்.

சைலன்சர் குழாயில் உரசி உருகிய இடம், பச்சை பூத்த கனெக்டர் முனை, யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் ஆகியவற்றைத் தேடுங்கள். பி0135 குறியீட்டை அழித்த பிறகு, மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பாருங்கள்.