மண்ணில் தங்குவது எது, நீரில் இறங்குவது எது?

கேள்வி: அணு உலை விபத்தில் மண்ணில் படியும் கதிரியக்கப் பொருள்கள் மழைநீரோடு இறங்கி, நிலத்தடி நீர் முழுவதையும் கெடுத்துவிடாதா?

பதில்: எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. முதல் வாரங்களில் பெரிதும் அஞ்ச வேண்டிய அயோடின்-131, 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், மூன்று மாதங்களில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. நெடுங்காலம் நிற்பது, 30 ஆண்டு அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) கொண்ட சீசியம்-137. வேதியியல் குணத்தில் பொட்டாசியத்தை ஒத்த இது, களிமண்ணிலுள்ள மைக்கா வகைத் தாதுக்களின் அடுக்குகளுக்கிடையே சிக்கிக்கொண்டால் எளிதில் வெளிவராது. 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஜப்பானின் ஃபுகுஷிமா வயல்களில் மேல்மண்ணை 5 சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுத்ததும், பயிர் சீசியத்தை உறிஞ்சாதிருக்க நெல்வயல்களில் பொட்டாசிய உரத்தைக் கூடுதலாக இட்டதும் இந்தக் குணத்தை நம்பித்தான். களி குறைந்த சதுப்பு மண்ணுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. செர்னோபில் விபத்துக்குப் பின் உக்ரைன், பெலாரஸ் எல்லைச் சதுப்பு நிலங்களில் புல் வழியாகப் பாலுக்குச் சீசியம் ஏறிக்கொண்டே இருந்ததற்கு அதுவே காரணம்.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, என் பார்வையில் அதிகம் கவலைப்பட வேண்டியது ஸ்ட்ரான்சியம்-90 பற்றித்தான். கால்சியத்தை ஒத்த அது, சீசியத்தைவிட எளிதில் நீரோடு நகரும். உடலுக்குள் போனால் எலும்பில் தங்கும். 1986 விபத்துக்குப் பின் செர்னோபில் அருகே கதிரியக்கத்தால் பட்டுப்போன பைன் மரங்களை வெட்டி, அடியில் தடுப்பு ஏதுமில்லாத பள்ளங்களில் புதைத்தார்கள்; அங்கிருந்து கசிந்த ஸ்ட்ரான்சியம் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் கலந்தது. மணலும் அதை ஓரளவு பிடித்துவைப்பதால் நீரின் வேகத்துக்கு அது பரவுவதில்லை என்பது மட்டுமே ஆறுதல். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியமோ நீர் மூலக்கூறிலேயே இடம்பெறுவதால், அதற்கு மண்ணும் தடையில்லை, வடிகட்டியும் தடையில்லை.

கேள்வி: சுரண்டி எடுத்த மண்ணை என்ன செய்கிறார்கள்?

பதில்: ஃபுகுஷிமாவில் அகற்றிய மண் ஏறத்தாழ 1.4 கோடி கனமீட்டர், உலையை அடுத்த ஒகுமா, ஃபுதாபா ஊர்களின் இடைக்காலக் கிடங்கில் சேர்க்கப்பட்டது. இதைத் 'தூய்மைப்படுத்தல்' என்று சொன்னாலும், நடந்தது இடமாற்றம்தான். 2045-க்குள் அந்த மண்ணை மாகாணத்துக்கு வெளியே இறுதியாக அகற்ற வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். ஒரு கிலோவுக்கு 8,000 பெக்கரெலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மிகாத மண்ணைச் சாலை, கரை போன்ற பணிகளில் அடியில் இட்டு மேலே நல்ல மண்ணால் மூடலாம் என்று அரசு சொன்னபோதும், சோதனைக்குத் தேர்ந்த இடங்களில் மக்கள் எதிர்த்தார்கள். தயக்கத்தைக் குறைப்பதற்காக 2025 ஜூலையில் பிரதமர் அலுவலகத் தோட்டத்திலேயே அந்த மண்ணைக் கொண்டுவந்து இட்டார்கள். அளவு 2 கனமீட்டர்.