காசுக்கு ஆடியவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பெலே பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, 1958 உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் கறுப்பு வெள்ளைப் பதிவைத் தேடிப் பார்த்தேன். ஆனால் நாலாவது நிமிடத்திலேயே ஸ்வீடன் கேப்டன் கோல் அடித்துவிடுகிறார். பெயர் நில்ஸ் லீட்ஹோல்ம், நடுக்கள ஆட்டக்காரர், அப்போது வயது 35. இப்படி ஆடுகிறவர் 1950, 1954 உலகக் கோப்பைகளில் ஏன் இல்லை என்று தேடினேன். இத்தாலிக்குப் போய்க் காசுக்கு ஆடியதால் நாட்டு அணியில் சேர்க்கவில்லையாம். பணத்துக்காகப் போனவரை நாடு ஒதுக்கியதில் என்ன தப்பு என்றும் தோன்றுகிறது. இன்றைய ஆட்டக்காரர்களில் யாரோடு அவரை ஒப்பிடலாம்? ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது? எனக்கு எப்போதும் பந்து மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ம.

அன்புள்ள ம.,

பெலேயைப் பார்க்க உட்கார்ந்து லீட்ஹோல்மைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் முதல் கோலை ஓட்டிவிட்டு நேரே பெலேயிடம் போய்விடுவார்கள். நீங்கள் நின்றீர்கள், பெயரைத் தேடினீர்கள், வயதைப் பார்த்தீர்கள், அதற்கு முன்னால் எங்கே இருந்தார் என்று கேட்டீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் இப்படி ஒரு கேள்வி அபூர்வம். காசு வாங்காமல் ஆடுபவருக்குத்தான் இடம் என்கிற ஸ்வீடன்காரர்களின் இந்த அமெச்சூர் விதி கொஞ்ச நாளாகவே என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்றைக்கு யாரோடு ஒப்பிடலாம் என்பதை விட்டுவிடுவோம். வேறு மைதானம், வேறு பந்து, வேறு ஓட்டம். பொழுதுபோகாதவர்கள் செய்யட்டும்.

ஆனால் 'பணத்துக்காகப் போனவரை நாடு ஒதுக்கியதில் என்ன தப்பு' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை விடமாட்டேன். நீங்கள் மாதச் சம்பளம் வாங்குகிறவர் என்று நினைக்கிறேன். உங்கள் வேலையைக் கூலியில்லாமல் செய்தால்தான் நீங்கள் யோக்கியர் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? உங்களுக்கு வேண்டாம் என்று நினைக்கும் நியாயத்தை ஒரு கால்பந்து ஆட்டக்காரன் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். லீட்ஹோல்ம் 1922இல் வால்டெமார்ஸ்விக் என்ற சிறிய கடலோர ஊரில் பிறந்தவர். நோர்ஷோப்பிங் ஊரின் அணியில் ஆடி லீக் பட்டங்கள் வென்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் தங்கம் வாங்கியபோது அந்த அணியில் இருந்தார். இறுதியில் யூகோஸ்லாவியாவை 3-1 என்று வென்றார்கள். (அதே ஒலிம்பிக்கில்தான் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றார்கள். நமக்குக் கிடைத்த ஒற்றைக் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டியை வீணடிக்காமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம். அது வேறு கதை.)

தங்கம் வாங்கிய அந்த அணியில் குன்னார் கிரென், குன்னார் நோர்டால், லீட்ஹோல்ம் மூன்று பேரும் இருந்தார்கள். அடுத்த வருடமே மூவரும் இத்தாலியின் ஏ.சி. மிலான் கிளப்புக்குப் போய்விட்டார்கள். மூன்று பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'கிரெ-நோ-லி' என்றே இத்தாலி அவர்களைக் கூப்பிட்டது. முதல் பருவத்தில் மிலான் லீக்கில் 118 கோல் போட்டது. யுவென்டஸை அவர்கள் ஊரிலேயே 7-1 என்று அடித்தார்கள். 1951இல் மிலான் லீக் பட்டம் வென்றது. அதற்கு முந்தைய பட்டம் 1907இல். 44 வருட வறட்சி. 1961 வரை அங்கேயே ஆடிய லீட்ஹோல்ம் நான்கு லீக் பட்டங்கள் பார்த்தார்.

இந்தக் காலம் முழுக்க ஸ்வீடன் கால்பந்துச் சங்கம் என்ன செய்தது? தொழில்முறை ஆட்டக்காரனுக்கு நாட்டு அணியில் இடமில்லை என்று கதவைச் சாத்தி வைத்திருந்தது. 1950 உலகக் கோப்பைக்கு இவர்கள் மூவரும் இல்லாமலே ஸ்வீடன் அணி போனது. அப்படியும் இத்தாலியைத் தோற்கடித்து மூன்றாம் இடம் வந்தார்கள். ஆனால் பிரேசிலிடம் 1-7. சரி, அந்த அணியில் நன்றாக ஆடியவர்கள் என்ன ஆனார்கள்? ஸ்கோக்லுண்ட் இன்டர் மிலானுக்குப் போனார். யெப்சனும் கொஞ்ச நாளில் இத்தாலி போய்ச் சேர்ந்தார். போனவுடன் அவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. நன்றாக ஆடினால் வெளியே கூப்பிடுவார்கள், வெளியே போனால் உள்ளே விடமாட்டார்கள். 1954 உலகக் கோப்பையில் லீட்ஹோல்ம் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். ஸ்வீடனே அதில் இல்லை. தகுதிச் சுற்றிலேயே பெல்ஜியத்திடம் இடத்தை விட்டுவிட்டார்கள்.

இந்த அமெச்சூர் என்கிற புனிதம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கொஞ்சம் தோண்ட வேண்டும். இங்கிலாந்தில் ஹென்லி படகுப்போட்டிக்கு 1879இல் ஒரு விதி எழுதினார்கள். கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆகமாட்டார்கள். படகு ஓட்டிக் காசு வாங்கியவரை மட்டுமல்ல, கையால் வேலை செய்து பிழைப்பவரையே தள்ளிவைத்த விதி அது. நிலமும் வட்டிப்பணமும் இருப்பவன் மத்தியானம் முழுக்கத் துடுப்புப் போடலாம், பட்டறையில் நிற்பவன் போட முடியாது. ஆட்டத்தின் தூய்மை என்று பின்னால் பேசப்பட்டதெல்லாம் இந்த வேலிக்கு அடித்த வெள்ளைதான். ஒலிம்பிக் இயக்கம் அந்த நினைப்பை உலகம் பூராவும் கொண்டுபோனது. ஸ்வீடன் அதை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டது. ஆட்டக்காரர்களுக்குக் காசு கொடுத்தார்கள் என்று 1934இல் மால்மோ அணியை முதல் பிரிவிலிருந்தே கீழே தள்ளினார்கள். ஒரு மைலை 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்திருந்தாரே குண்டெர் ஹேக், அவரை 1946இல் காசு வாங்கினார் என்று வாழ்நாள் முழுக்க ஓடவிடாமல் செய்தார்கள். ஹேக் தீயணைப்பு வேலை பார்த்தவர். நோர்டாலும் அதே வேலைதான். பெரிய சொத்துக்காரர்கள் யாரும் இந்த விதியில் மாட்டவில்லை, கவனித்தீர்களா?

மைதானத்தில் டிக்கெட் இலவசமில்லை. சங்கத்துக்கு வருமானம் உண்டு, செயலாளருக்குச் சம்பளம் உண்டு, அச்சடித்து விற்கும் பத்திரிகைக்கு லாபம் உண்டு. அத்தனை பேரும் எவனுடைய காலைப் பார்க்கக் காசு கொடுத்தார்களோ, அவன் மட்டும் கை நீட்டக் கூடாது. நீட்டினால் தேசபக்தி இல்லாதவன். இதைத்தான் நீங்களும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. என் பெரியப்பா ஒரு மில் கால்பந்து அணிக்கு ஹாஃப்-பேக்காக, அதாவது நடுக்களத்தில், ஆடியவர். மில் பெயர் வேண்டாம். காகிதத்தில் அவர் ஸ்பின்னிங் பிரிவுத் தொழிலாளி, ஆனால் வேலைக்கு எடுத்ததே ஆட்டத்துக்காகத்தான். ஆடினால் பஸ் காசும் ஒரு பிரியாணிப் பொட்டலமும். ஒரு கோப்பை ஜெயித்த படம் எங்கள் வீட்டில் வெகுகாலம் இருந்தது. நிர்வாகிகள் மாலையோடு நாற்காலியில், ஆடிய பதினோரு பேரும் தரையில் சம்மணமிட்டு. அந்த விழாவில் ஒருவர், 'இவர்கள் காசுக்காக ஆடுகிறவர்கள் அல்ல, பெருமைக்காக ஆடுகிறவர்கள்' என்று பேசியதைப் பெரியப்பா அப்படியே நடித்துக் காட்டுவார். முழங்கால் போனதும் ஆட்டமும் போனது, கொஞ்ச நாளில் வேலையும் போனது. பெருமை என்று பேசியவர் மருத்துவச் செலவுக்கு வரவில்லை. வெளியூர் கிளப் ஒன்று சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது போகாமல் இருந்ததற்காகப் பெரியம்மா அவரைக் கடைசிவரை திட்டினார். பெரியம்மா சொன்னதுதான் சரி.

லீட்ஹோல்ம் போனார். போனதால்தான் அவர் ஆட்டம் அவ்வளவு வளர்ந்தது. ஆரம்பத்தில் முன்வரிசைப் பக்கம் ஆடியவர், வயது ஏற ஏற நடுவுக்கு வந்தார், அப்புறம் இன்னும் பின்னால். கால் மெதுவானபோது கண் வேகமானது. அவர் பாஸ் தவறுவது அத்தனை அபூர்வம் என்பதால், ரொம்ப காலத்துக்குப் பிறகு ஒரு பாஸ் தவறியபோது மிலான் மைதானமே எழுந்து நின்று பல நிமிடம் கைதட்டியதாம். மிலான்காரர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதையாக இருக்கலாம். ஆனால் எல்லா ஆட்டக்காரனைப் பற்றியும் இப்படிக் கதை கட்டமாட்டார்கள்.

பிறகு 1958. உலகக் கோப்பை ஸ்வீடனிலேயே நடக்கிறது. இப்போது என்ன ஆனது புனிதம்? விதி தளர்ந்தது, இத்தாலியில் ஆடுபவர்களுக்கெல்லாம் அழைப்பு போனது. லீட்ஹோல்ம், ஹாம்ரின், ஸ்கோக்லுண்ட், குஸ்தாவ்சன், செல்மோசன். ஊர் திரும்பியிருந்த கிரெனுக்கு வயது 37. நாட்டுக்கு வேண்டாதவர்கள், நாட்டுக்கு விருந்தாளிகள் வரும்போது மட்டும் வேண்டியவர்கள் ஆனார்கள். அழைத்ததற்காகச் சங்கத்தைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. நான் பாராட்டமாட்டேன்.

அந்தக் கோடையில் லீட்ஹோல்முக்கு நடந்ததைப் பாருங்கள். மே 28, பிரஸ்ஸெல்ஸில் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி. மிலான் கேப்டன் அவர்தான். இரண்டு முறை முன்னிலை பெற்றும், கூடுதல் நேரத்தில் ரியல் மாட்ரிட்டிடம் 2-3 என்று தோற்றார்கள். ஜூன் 29, ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் ரோசுண்டா மைதானம், உலகக் கோப்பை இறுதி. மறுபடி கேப்டன். மழையில் நனைந்த தரை. நாலாவது நிமிடத்தில் பெனால்டி பெட்டியின் விளிம்பில் அவரிடம் பந்து வருகிறது. பிரேசில் டிஃபெண்டர் ஒருவர் வருகிறார், லேசாகத் தொட்டு விலக்குகிறார். அடுத்தவர் வருகிறார், மறுபடி விலக்கல். அவசரமே இல்லை. அப்புறம் தரையோடு தரையாக மூலைக்கு ஒரு அடி, கோல்கீப்பர் ஜில்மார் விழுந்தும் எட்டவில்லை. 35 வயது 264 நாள். 2022 இறுதியில் கோல் அடித்தபோது மெஸ்ஸிக்கும் 35 வயதுதான், ஆனால் நாள்கணக்கில் லீட்ஹோல்மின் வயதை அவர் எட்டவில்லை. அதே ஆட்டத்தில் 17 வயது பெலே இரண்டு கோல் அடித்தார். இறுதிப்போட்டிகளில் அதுவரை யாரும் அவ்வளவு சின்ன வயதில் அடித்ததில்லை.

லீட்ஹோல்மின் கோல் விழுந்ததும் பிரேசிலின் டிடி வலையிலிருந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பதறாமல் நடு வட்டத்துக்கு நடந்து வருவார். அதையும் பார்த்தீர்களா? ஐந்தே நிமிடத்தில் வாவா சமன் செய்தார். முடிவு 5-2. அதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை, பிரேசில் அன்று அப்படி ஆடியது. எனக்கு வருத்தம், இந்த மனிதர் 27 வயதிலும் 31 வயதிலும் எப்படி ஆடியிருப்பார் என்பதை ஓர் உலகக் கோப்பை மைதானமும் பார்க்கவில்லை என்பதில்தான்.

நடுக்கள ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். பந்து வருவதற்கு முன்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று பாருங்கள், போதும். பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரே ஆளைப் பாருங்கள். இதற்கு மேல் சொல்லித்தர என்னால் ஆகாது.

பயிற்சியாளராக அவர் செய்தது இன்னொரு பெரிய கதை. 1979இல் மிலானுக்குப் பத்தாவது பட்டம். 1983இல் ரோமா கிளப்புக்கு 41 வருடத்துக்குப் பிறகு பட்டம். பின்னால் மிலானின் பெரிய டிஃபெண்டரான பாவ்லோ மால்தினியை 16 வயதில் முதன்முதலில் களத்தில் இறக்கியதும் அவர்தான்.

நோர்டாலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாட்டுக்காக 33 ஆட்டத்தில் 43 கோல், எல்லாம் 1948க்குள். மிலானுக்கு 221 கோல். இத்தாலி லீக்கில் ஐந்து முறை அதிக கோல் அடித்தவர். விதி தளர்ந்தபோது அவருக்கு 36 நடந்துகொண்டிருந்தது, அணியில் இல்லை. ஒரே ஓர் உலகக் கோப்பை ஆட்டம்கூட ஆடாமல் முடித்தார். ஸ்வீடன் அமெச்சூர் விதியை முழுசாகக் கைவிட்டது 1967இல். நோர்டால் மிலானில் ஆடிய துண்டுப் படங்கள் கொஞ்சம் கிடைக்கின்றன, அந்தத் தோளையும் தொடையையும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்தத் தடவை நீளமாக எழுதுங்கள்.