53 வருடம் தோற்ற நாடு: யூரோவிஷனில் போர்ச்சுகல், கேள்வி பதில்

ஐரோப்பாவில் நாடுகளுக்கிடையே நடக்கும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் போர்ச்சுகல் பாடிய பாட்டுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர் போர்ச்சுகல் முதன்முறை ஜெயித்த 2017 பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மெதுவாக வருகிறேன்.

அண்ணா, இது நம்ம ஊர் டிவி பாட்டுப் போட்டி மாதிரிதானே?

இல்லை தம்பி. நம்ம ஊரில் பாடகருக்குப் போட்டி; பழைய சினிமாப் பாட்டைப் பாடிக் காட்டினால் போதும். அங்கே போட்டி பாட்டுக்கு. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. புதிதாக எழுதியதாக, மூன்று நிமிடத்துக்குள் முடிவதாக இருக்க வேண்டும். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 1956 முதல் நடக்கிறது. போர்ச்சுகலுக்காகப் பாட்டை அனுப்புவது அந்நாட்டு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிபி. அதைத் தேர்ந்தெடுக்க ‘ஃபெஸ்டிவல் டா கன்சாவ்’ என்று உள்நாட்டிலேயே ஒரு போட்டி வைப்பார்கள். இறுதிச் சுற்று நமக்கு நள்ளிரவு 12.30க்குத் தொடங்கும், ஃபிளாஸ்கில் டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை போனபோது எத்தனை மதிப்பெண்?

பூஜ்யம். 1964, கோபன்ஹேகன். அன்டோனியோ கல்வாரியோ பாடினார். அப்போதெல்லாம் ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் அதிகபட்சம் மூன்று பாட்டுக்குத்தான் மதிப்பெண் தரும். அதனால் முட்டை வாங்குவது சுலபம், அன்று நான்கு நாடுகள் வாங்கின. அதே நிகழ்ச்சியில் ஒருவர் மேடை ஏறி, பிராங்கோவையும் சலாசாரையும் புறக்கணியுங்கள் என்று பதாகை பிடித்தார். பிராங்கோ அப்போது ஸ்பெயினின் சர்வாதிகாரி, சலாசார் போர்ச்சுகலின் சர்வாதிகாரி. பாட்டும் அரசியலும் இந்த நாட்டுக்கு முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டன.

யூரோவிஷன் பாட்டால் போர்ச்சுகலில் ஆட்சி கவிழ்ந்ததாமே, நிஜமா சார்?

பாட்டால் கவிழவில்லை. ஆனால் கவிழ்த்தவர்களுக்கு முதல் சைகை அந்தப் பாட்டுதான். 1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன். ஸ்வீடனின் அப்பா (ABBA) இசைக்குழு ஜெயித்த அதே இரவில் பவுலோ டி கார்வல்யோ ஒரு பிரிவுப் பாட்டைப் பாடி, மூன்றே மதிப்பெண்ணுடன் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டு ஊர் திரும்பினார்.

பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55க்கு, லிஸ்பன் வானொலி ஒன்று அதே பாட்டை ஒலிபரப்பியது. தயாராகுங்கள் என்று ராணுவத்தின் இளம் அதிகாரிகளுக்கு அதுதான் செய்தி. எல்லா வானொலியிலும் ஓடிக்கொண்டிருந்த காதல் பாட்டு, யாருக்குச் சந்தேகம் வரும்? நள்ளிரவு தாண்டி இன்னொரு வானொலியில் ‘கிராந்துலா’ பாட்டு வந்தது, அது இரண்டாவது சைகை. விடிந்தபோது டாங்கிகள் தெருவில். அரை நூற்றாண்டை நெருங்கிய சர்வாதிகாரம் அந்த ஒரே நாளில் முடிந்தது. அடுத்த வருடம் யூரோவிஷனுக்குப் போன துவார்த்தே மென்டஸ், அந்தப் புரட்சியில் பங்கெடுத்த ராணுவ கேப்டன்! அவருக்கும் 16ஆம் இடம்தான்.

2017ல் அப்படி என்ன செய்தார்கள்? அதற்கு முன் ஒரு தடவைகூட மேலே வரவில்லையா?

1996ல் லூசியா மோனிஸ் வாங்கிய ஆறாம் இடம்தான் அதுவரை உச்சம். 2016ல் ஆர்டிபி போட்டிக்கே போகவில்லை. உட்கார்ந்து யோசித்து, அடுத்த வருடம் 16 இசையமைப்பாளர்களைக் கூப்பிட்டு, பாட்டை எழுதுங்கள், பாடுபவரை நீங்களே கொண்டுவாருங்கள் என்றது. அவர்களில் ஒருவர் லூயிசா சோப்ரால். அவர் கூட்டி வந்தது தன் தம்பி சால்வடோரை.

பாட்டின் பெயர் ‘அமார் பெலோஸ் தோய்ஸ்’. இருவருக்கும் சேர்த்து ஒருவரே காதலிப்பது என்று பொருள். உள்நாட்டுப் போட்டியில் நடுவர்கள் முதலிடம் கொடுத்தார்கள். ஓட்டுப் போட்ட மக்களோ இரண்டாம் இடம்தான் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்ததில்தான் தப்பித்தது. இதை மறந்துவிட்டு இன்று எல்லோரும், எனக்கு அன்றே தெரியும் என்கிறார்கள்.

அந்த வருட யூரோவிஷன் உக்ரைனின் கீவ் நகரில். அந்த மேடையில் மற்றவர்கள் நடனம், புகை, வெளிச்சம் என்று இறக்கினார்கள். சால்வடோர் கூட்டத்துக்கு நடுவே இருந்த சின்ன வட்ட மேடையில் தனியாக நின்றார். தோளில் தொங்கும் பெரிய கறுப்புக் கோட்டு, உச்சியில் முடிந்த குடுமி. கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் காற்றில் எதையோ தேடிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல மெல்லப் பாடினார். கத்திக் கைதட்டல் வாங்கும் இடமே பாட்டில் கிடையாது. ஆளாளுக்கு உரக்கப் பேசும் கல்யாண வீட்டில் ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்போமே, அதேதான்.

சால்வடோர் வாங்கிய 758 மதிப்பெண் உலக சாதனை என்கிறார்களே?

சாதனைதான், ஆனால் பழைய கணக்கோடு ஒப்பிடாதீர்கள். 2016 முதல் ஒவ்வொரு நாடும் நடுவர் மதிப்பெண், நேயர் மதிப்பெண் என்று இரண்டு கட்டாகத் தருகிறது. மொத்தமே இரண்டு மடங்கு. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: நடுவர் 382, நேயர் 376, இரண்டிலும் முதலிடம். 2016ல் நடுவர்கள் ஆஸ்திரேலியாவையும் நேயர்கள் ரஷ்யாவையும் முதலில் வைக்க, இரண்டிலும் இரண்டாவதாக வந்த உக்ரைன் ஜெயித்தது. இரு தரப்பும் ஒத்துப்போவது அவ்வளவு சுலபமில்லை.

அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததாமே?

ஆமாம், இதயக் கோளாறு. கீவில் முதல் ஒத்திகைகளுக்கு அவர் போகவில்லை, அக்காதான் அவர் இடத்தில் நின்று பாடினார். டிசம்பரில் மாற்று இதயம் பொருத்தினார்கள், பிழைத்துக்கொண்டார். ஜெயித்த இரவில் மறுபடி பாடச் சொன்னபோது அக்காவையும் மேடைக்கு அழைத்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பாடினார்கள். அந்தக் காணொளியைப் பாருங்கள், போட்டியில் பாடியதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். அப்புறம், இசை வாணவேடிக்கை அல்ல என்று அன்று அவர் சொன்னது மற்ற போட்டியாளர்கள் சிலரைச் சுட்டது. எனக்கும் அது கொஞ்சம் அதிகப்படிதான். சுற்றிலும் வாணவேடிக்கை இருந்ததால்தானே இவர் அமைதி எடுபட்டது?

ஆக, தாய்மொழியில் உண்மையாகப் பாடினால் ஜெயிக்கலாம், சரிதானே?

அவசரப்படாதீர்கள். போர்ச்சுகல் 53 வருடமும் பெரும்பாலும் போர்த்துகீசிலேயே பாடித்தான் தோற்றது. 2018ல் லிஸ்பனிலேயே போட்டி. மறுபடி மெல்லிய பாட்டு, மறுபடி தாய்மொழி, க்ளாவ்டியா பஸ்கோல் பாடிய ‘ஓ ஜார்தீம்’. நல்ல பாட்டுதான். 39 மதிப்பெண், 26 பேரில் 26ஆவது.

பக்கத்து நாடு ஸ்பெயினோடு மாற்றி மாற்றி ஓட்டுப் போட்டுக்கொள்வார்களா?

கொஞ்சம் உண்டு. 2017ல் ஸ்பெயின் கடைசி இடம், மொத்தம் ஐந்தே மதிப்பெண். அந்த ஐந்தும் போர்ச்சுகல் நேயர்கள் போட்டவை.

மொழி புரியாமல் எப்படிக் கேட்கிறீர்கள் அண்ணா?

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அவர்களிடமிருந்து நமக்கு வந்த சொற்கள்தானே, வீட்டுச் சாமான் வரைக்கும் சமாளிக்கலாம். மீதிக்கு மொழிபெயர்ப்பு இருக்கிறது.

2017 கேட்டாகிவிட்டது. அடுத்து எது?

2022ல் மாரோ பாடிய ‘சவுதாத், சவுதாத்’. ஐந்து பெண்களோடு வட்டமாக நின்று பாடுவார், ஒன்பதாம் இடம். பிறகு 2025ல் நாபா குழுவின் ‘டெஸ்லோகாடோ’. போர்ச்சுகலின் மதேரா தீவுப் பையன்கள், பெருநிலத்துக்கு வந்தவன் ஊருக்கு ஏங்குவதைப் பாடுகிறார்கள். 21ஆம் இடம்தான், ஆனால் போட்டி முடிந்தும் போர்ச்சுகலில் ஓயாமல் ஓடியது. சென்னையில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பொங்கலுக்கு முந்தின வாரம் கேட்க வேண்டாம்.